பதினொரு மாத அனுபவம்

தம்பி,

வருகிற ஞாயிற்றுக்கிழமை நீயும் லிசாவும் வியட்நாமுக்கு விமானம் ஏறுகிறீர்கள். உங்கள் கல்யாணத்துக்கு வந்த சொந்தபந்தமெல்லாம் ஊர் போய்ச் சேர்ந்துவிட்டது. வாசலில் கட்டிய வாழைமரம் மட்டும் இன்னும் வாடிக்கொண்டு நிற்கிறது. அதை அவிழ்த்துப் போட உன் அப்பாவுக்கு ஆயிரம் சாக்கு. நீங்கள் இரண்டு பேரும் ரெம்பாவில் சித்தி வீட்டு விருந்துக்குப் போயிருக்கிறீர்கள். இந்த நேரத்தை விட்டால் எனக்கு வேறு நேரம் கிடைக்காது. உன் அம்மா நான் உன்னிடம் ஒன்று சொல்ல வேண்டியிருக்கிறது. இந்த வாரத்தில் மூன்று தடவை வாயைத் திறந்தேன். மூன்று தடவையும் உன் முகத்தைப் பார்த்ததும் தைரியம் போய்விட்டது. நான் உனக்குச் செய்த ஒரு தப்பைப் பற்றியது அது. அந்தத் தப்பு உனக்கும் தெரியும். ஆனால் அதில் பாதிதான் உனக்குத் தெரியும். மீதிப் பாதியை நீ கிளம்புவதற்குள் சொல்லிவிட வேண்டும்.

இதைப் பத்திரிகைக்கும் அனுப்பப் போகிறேன், கோபப்படாதே. உன் பேரை எழுதவில்லை, லிசா என்பதுகூட நான் வைத்த பேர்தான். ஊரறியச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. கல்யாண வாரத்தில் மட்டும் நம் தாமான் குடியிருப்பில் நான்கு தாய்மார்கள் என்னைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசினார்கள். மகள் டிகிரி முடித்துவிட்டு வீட்டில் இருக்கிறாள், மகன் தற்காலிக ஆசிரியராக அலைகிறான், வியட்நாமில் உன் பிள்ளை வேலை பார்க்கும் பள்ளிக்கூடத்தில் ஓர் இடம் கிடைக்குமா என்று கேட்டார்கள். நாலு பேரும் ஒன்று சொல்லி வைத்தாற்போல, கோயில் தலைவரிடம் ஒரு சூராட் வாங்கித் தரட்டுமா என்றார்கள். அதனால்தான் எழுதுகிறேன். அவர்களும் இதைப் படிக்கட்டும்.

சூராட் என்றால் நம் பக்கம் சும்மா கடுதாசி இல்லை. இவர் நல்லவர், இவருக்கு இந்த உதவியைச் செய்யுங்கள் என்று பதவியில் இருக்கும் ஒருவர் முத்திரை குத்திக் கொடுக்கும் ஆதரவுக் கடிதம். நான் அதை நம்பியே வளர்ந்தவள். ரப்பர்த் தோட்டத்தில் துரைக்கு முன்னால் நாங்கள் யாரும் நேராகப் போய் நிற்க முடியாது. ஆபீஸ் கணக்கர் கிராணி ஒரு சீட்டு எழுதித் தந்தால்தான் ஆஸ்பத்திரிக்கு லாரி வரும். தோட்டம் விற்றுப் போனபோது கோலா சாவா பக்கம் இந்த வீடு கிடைத்தது ஒரு சூராட்டால். உனக்குச் சிரம்பானில் இடைநிலைப் பள்ளியில் படிவம் ஒன்றுக்கு இடம் கிடைத்தது இன்னொரு சூராட்டால். கோயில் தலைவர் முன்பு தோட்டத்தில் வேலையாட்களை மேற்பார்க்கும் மண்டோராக இருந்தவர், நல்ல மனுஷர், ஆனால் எழுதும் கை கொஞ்சம் தாராளம். ஆபீஸ் கூட்டிப் பெருக்கியவனுக்கு நிர்வாகத் துறையில் அனுபவம் என்று எழுதிக் கொடுத்தவர் அவர். அதை யாரும் தப்பாக நினைத்ததில்லை. வயிற்றெரிச்சல் இல்லாமல் ஏழைக்கு நாலு நல்ல வார்த்தை எழுதுகிறாரே என்றுதான் நினைத்தோம்.

உன் படிப்புக் காகிதங்களோடு நான் பட்ட பாடு உனக்குத் தெரிந்த கதைதான், இருந்தாலும் ஒரு தடவை சொல்லிக்கொள்கிறேன். நீ டிகிரி வாங்கி வந்த மறுநாளே அதைத் தெமியாங்கில் ஒரு கடைக்குக் கொண்டுபோய், நல்ல தடித்த பிளாஸ்டிக் உறையாகப் பார்த்து, நாலு பக்கமும் ஒட்டிக் கொண்டுவந்தேன். கரப்பான் கடிக்கக் கூடாது, மழைச் சாரல் படக் கூடாது. நம் தாமானில் பிறப்புப் பத்திரத்திலிருந்து நாய் லைசென்ஸ் வரை எல்லாம் பிளாஸ்டிக்குக்குள்தான் இருக்கிறது. அப்புறம் நீ வியட்நாமுக்குப் போக நின்றபோது, டிகிரியில் அரசாங்க முத்திரையும் அந்த நாட்டுத் தூதரக முத்திரையும் குத்த வேண்டும் என்றார்கள். நீ வேலையில் இருந்ததால் நான்தான் புத்ராஜெயாவுக்குப் போனேன். கவுண்டரில் இருந்த பெண் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "மக்சிக், பிளாஸ்டிக் மேல எப்படி முத்திரை குத்துறது?" என்று மலாயில் கேட்டாள். பாவம், அத்தை என்று முறை சொல்லித் தன்மையாகத்தான் கேட்டாள். உறையை உரிக்கப் பார்த்ததில் உன் பேரில் பாதி பிளாஸ்டிக்கோடு வந்துவிட்டது. பல்கலைக்கழகத்தில் மறுபிரதி எடுக்க இரண்டு மாதம் ஆனது, அதற்குள் நீ போக வேண்டிய முதல் வேலை கைவிட்டுப் போயிற்று. நீ ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. அன்றைக்கு நீ நன்றாகத் திட்டியிருந்தால் பிறகு நடந்தது நடக்காமல் போயிருக்குமோ என்று இப்போது தோன்றுகிறது.

அடுத்து இப்போதிருக்கும் பள்ளி கிடைத்தது. அங்கே சம்பளம் எப்படிப் போடுகிறார்கள் என்று நீ எனக்குப் போனில் விளக்கிச் சொன்னாய். என்ன டிகிரி, ஆசிரியர் பயிற்சி முடித்து உரிமம் இருக்கிறதா, பதிவு பெற்ற பள்ளியில் எத்தனை வருஷம் பாடம் நடத்தினாய், இந்த மூன்றையும் பார்த்துப் படி படியாக வைத்திருக்கிறார்கள். அது நியாயம். ஆனால் அதற்கு மேலே இன்னொன்று இருந்தது. பாஸ்போர்ட் எந்த நாட்டுடையது என்பது. இங்கிலாந்து, அமெரிக்கா என்று ஒரு பட்டியல். அந்தப் பட்டியலில் உள்ளவனுக்குத் தாய்மொழி ஆங்கிலம், அதனால் வீடும் தருவார்கள், வருஷத்துக்கு ஒரு தடவை விமான டிக்கெட்டும் தருவார்கள், சம்பளமும் கூட. பிலிப்பைன்ஸ், இந்தியா, மலேசியா என்று வருகிறவர்களுக்கு அதற்குக் கீழே. உள்ளூர் ஆசிரியர்களுக்கு அதற்கும் கீழே. உன்னோடு சேர்ந்த ஓர் ஆங்கிலேயப் பையன் படித்தது சுற்றுலாத் துறை, ஒரு மாதம் மட்டும் ஏதோ பயிற்சி எடுத்திருந்தான், இலக்கணப் பாடத்துக்கு உன்னிடம்தான் வந்து சந்தேகம் கேட்பான், ஆனால் உன்னைவிட அவனுக்குச் சம்பளம் அதிகம் என்று நீ சிரித்துக்கொண்டே சொன்னாய். எனக்குச் சிரிப்பு வரவில்லை. துரை பங்களா, கிராணி வீடு, வேலையாட்களான எங்கள் லயம் என்று மூன்று வரிசையாகப் பார்த்துப் பழகிய கண் என்னுடையது. டிகிரி வாங்கி, கடல் தாண்டிப் போயும், என் பிள்ளை மறுபடியும் லயத்துக்குத்தான் போய்ச் சேர்ந்தானா என்று எனக்கு எரிந்தது. நீ சொன்னாய், "அம்மா, அந்தக் காலம் வேற, இது வேறலா. இங்க பேப்பர் எடுத்தா மேல ஏறலாம். நான் ஏறுவேன்." அதை நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

அந்த நேரத்தில்தான் உன் பள்ளி அனுபவக் கடிதம் கேட்டது. நம் தோட்டத் தமிழ்ப்பள்ளியில் நீ தற்காலிக ஆசிரியராக இருந்தாய் அல்லவா, அதைத் தலைமையாசிரியரிடம் எழுதி வாங்கி, ரந்தாவில் ஒரு கடையில் ஸ்கேன் செய்து, பள்ளியின் ஈமெயிலுக்கு நேராக அனுப்பச் சொன்னாய். வாங்கினேன். அந்த அம்மா உள்ளதை உள்ளபடி எழுதியிருந்தார், பதினொரு மாதம் என்று. எனக்கு மனசு ஆறவில்லை. படிவம் ஆறு படிக்கும்போதிலிருந்தே சனிக்கிழமை தவறாமல் கோயில் மண்டபத்தில் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுத்தவன் நீ. காசு வாங்காமல் ஐந்து வருஷம். பல்கலைக்கழகத்தில் இருந்தபோதும் வெள்ளி மாலை பஸ் பிடித்து வந்துவிடுவாய். மண்டபத்தில் மின்விசிறி ஓடாது, பிள்ளைகள் விசிறிக்கொள்ள உன் நோட்டைக் கேட்பார்கள். அதெல்லாம் ஒரு வரியிலும் வராமல் போவதா? நேராகத் தலைவர் வீட்டுக்குப் போனேன். அவர் ஆங்கிலத்தில் எழுதிக் கொடுத்தார். ஐந்து வருஷம் பள்ளியில் பணியாற்றியவர் என்று எழுதி, அதோடு நில்லாமல் மூத்த ஆங்கில ஆசிரியர் என்றும் ஒன்றைச் சேர்த்து, ஊதா மையில் வட்ட முத்திரையை இரண்டு இடத்தில் குத்தினார். காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு. இரண்டு கடிதத்தையும் சேர்த்தே அனுப்பினேன். உன்னிடம் சொல்லவில்லை.

அப்புறம் நீ ஒரு நாள் போன் செய்து, "அம்மா, இனிமே பேப்பர் எதுவும் நீங்க அனுப்ப வேணாம், நான் பாத்துக்கிறேன்" என்றாய். அவ்வளவுதான். என் கடிதம் கிடைத்ததா என்று கேட்கவே எனக்குப் பயமாக இருந்தது, அதனால் கேட்கவில்லை. நீயும் சொல்லவில்லை. நாலு வருஷம் அந்தப் பேச்சே எடுக்காமல் இருந்தோம்.

கல்யாணத்துக்கு இரண்டு நாளைக்கு முன் லிசா என்னோடு உட்கார்ந்து சின்ன வெங்காயம் உரித்தாள். கண்ணில் நீர் வழிய, எனக்குப் புரியட்டும் என்று மெதுமெதுவாக ஆங்கிலத்தில் அவளாகவே அந்தக் கதையைச் சொன்னாள். எனக்கு எல்லாம் தெரிந்திருக்கும் என்று நினைத்துவிட்டாள். அவள் அப்போது பள்ளியில் உனக்குப் பக்கத்து மேசை. இரண்டு கடிதமும் ஒன்றுக்கொன்று இடித்ததும் பள்ளி உன்னைக் கூப்பிட்டதாம். பொய்ச் சான்று கொடுத்தவர்களை அந்த மாதமே திருப்பி அனுப்புவதுதான் அங்கே வழக்கமாம். ஒரு வாரம் முடிவு சொல்லாமல் வைத்திருந்தார்கள், நீ பெட்டியைக் கட்டிக் கட்டிலுக்கு அடியில் தள்ளி வைத்துவிட்டு வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்தாய் என்று சொன்னாள். அந்த வாரத்தில் நீ என்னோடு போனில் பேசியது எனக்கு நினைவிருக்கிறது. மீன் குழம்புக்குப் புளி எவ்வளவு என்று கேட்டாய்.

அதைவிட எனக்கு வலித்தது அடுத்து அவள் சொன்னது. அங்கே உன் பள்ளித் தலைமையாசிரியை நல்லவராம். அந்த மண்டபம் பதிவு பெற்ற கல்வி நிலையம் என்று ஒரு காகிதம் காட்ட முடிந்தால் போதும், விஷயத்தை முடித்துவிடலாம், இரண்டு படி மேலேயே வைக்கலாம் என்று வழி சொல்லிக் கொடுத்திருக்கிறார். நீ ஒரு போன் செய்திருந்தால் தலைவர் மண்டபத்தைப் பல்கலைக்கழகம் என்றே எழுதிக் கொடுத்திருப்பார். நீ செய்யவில்லை. அது பள்ளி இல்லை, கோயில் மண்டபம், வாரத்தில் ஒரு நாள், பன்னிரண்டு பிள்ளைகள், எனக்கு அனுபவம் பதினொரு மாதம்தான் என்று எழுதிக் கொடுத்தாய். ஆகக் கீழ்ப் படியில் போட்டார்கள், கண்காணிப்புக் காலத்தையும் கூட்டினார்கள். சரி என்று கையெழுத்துப் போட்டாய். கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்பார்கள். எட்டு நாள்கூட அது நிற்க நீ விடவில்லை.

அதற்குப் பிறகு நீ செய்ததையெல்லாம் எனக்குத் தெரிந்த வரைக்கும் சொல்கிறேன், உன் வாயால் நீ சொல்ல மாட்டாய். இரண்டு வருஷம் பகலில் வகுப்பு எடுத்துக்கொண்டே ஆசிரியர் உரிமத்துக்குப் படித்தாய். பாடம் நடத்தும்போது பின்னால் ஒருவர் உட்கார்ந்து குறை எழுதுவாராம், அந்தக் குறையை எல்லாம் சுவரில் ஒட்டி வைத்து ஒவ்வொன்றாகத் திருத்தினாயாம். அந்த நாட்களில் நீ சரியாகப் போன் செய்யாததற்கு, யாரோ ஒருத்தி பிள்ளையை மடக்கிவிட்டாள் என்று நான் உன் அப்பாவிடம் புலம்பினேன். பாதி உண்மைதான், ஆனால் அவளும் உனக்குப் பக்கத்தில் உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தாள் என்று இப்போது தெரிகிறது. உரிமம் வாங்கினாய், படி ஏறினாய், இப்போது புது ஆசிரியர்களைத் தேர்வு செய்யும் மேசையில் உன்னையும் உட்கார வைத்திருக்கிறார்கள். உட்கார்ந்ததும் நீ முதலில் கேட்டது என்ன என்று லிசா சொன்னாள். சம்பளத்துக்கு உரிமத்தையும் அனுபவத்தையும் மட்டும் பாருங்கள், பாஸ்போர்ட்டைப் பார்க்காதீர்கள் என்று கேட்டிருக்கிறாய். ஒரு வருஷம் விடாமல் கேட்டாய். உள்ளூர் ஆசிரியர்களுக்கு இன்னும் வழி பிறக்கவில்லை, வெளியிலிருந்து வருகிறவர்களுக்கு இந்த வருஷத்திலிருந்து அப்படியே என்று ஒப்புக்கொண்டார்கள். பழைய ஒப்பந்தத்தில் இருக்கும் உனக்கும் லிசாவுக்கும் அதில் ஒன்றும் இல்லை. தெரிந்தேதான் கேட்டிருக்கிறாய். எனக்கு உன்னை நினைத்தால் பெருமையாக இருக்கிறது, தம்பி. கொஞ்சம் பொறாமையாகக்கூட இருக்கிறது. நீ பார்த்த அதே அநியாயத்தைத்தான் நானும் பார்த்தேன். நான் குறுக்கு வழியில் ஓடினேன், நீ அதை நேரே போய் வாசலில் நின்று கேட்டாய்.

புத்திமதி சொல்லாமல் எந்த அம்மா கடிதம் எழுதினாள்? ஒன்றே ஒன்று சொல்கிறேன். இனி நீ காகிதம் பார்க்கிற ஆள். ஒரு பிள்ளையின் கோப்பு ரொம்பத் தடிமனாக, முத்திரைக்கு மேல் முத்திரையாக வந்தால், அதற்குப் பின்னால் என்னைப் போல ஒருத்தி இருக்கிறாள் என்று வைத்துக்கொள். உடனே தள்ளிவிடாதே, உடனே நம்பியும்விடாதே. அந்தப் பிள்ளையைத் தனியாகக் கூப்பிட்டு, இதில் எது உன்னுடையது என்று கேள். உண்மையைச் சொன்னால் எடுத்துக்கொள், பதினொரு மாத அனுபவமாக இருந்தாலும் எடுத்துக்கொள். நம் தாமானின் நாலு பிள்ளைகளுக்கும் நான் இதைத்தான் சொல்லி அனுப்பியிருக்கிறேன். ஆசிரியர் பயிற்சியை முடியுங்கள், உரிமம் எடுங்கள், டிகிரியைப் பிளாஸ்டிக்கில் ஒட்டாதீர்கள், தலைவர் வீட்டுப் பக்கம் போகாதீர்கள். அம்மாக்களுக்கு என் மேல் வருத்தம்தான். இருக்கட்டும்.

இனி அந்த மீதிப் பாதி. வெங்காயத்தை உரித்து முடித்ததும் லிசா கையைத் துடைத்துக்கொண்டு போனை எடுத்தாள். பள்ளிக்கு நீ எழுதிய விளக்கத்தைச் சரிபார்க்கச் சொல்லி அவளுக்குத்தான் முதலில் அனுப்பினாயாம், அது இன்னும் அவளிடம் இருக்கிறது. ஆன்ட்டி, உங்களைப் பற்றி எவ்வளவு அழகாக எழுதியிருக்கிறார் பாருங்கள் என்று படித்துக் காட்டினாள். இந்தக் கடிதத்தை அனுப்பியது என் அம்மா என்று ஒளிக்காமல் எழுதியிருந்தாய். அவர் ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர், தோட்டப் பள்ளியில் ஆறு வருஷம் மட்டும் படித்தவர், பதிவு பெற்ற பள்ளி என்றால் என்ன என்று அவருக்குத் தெரியாது, மண்டபத்தில் நான் பாடம் நடத்தியதைக் கண்ணால் பார்த்தார், பார்த்ததை எழுதச் சொன்னார், என் அம்மா பொய் சொல்ல மாட்டார், தண்டனை எதுவானாலும் எனக்குக் கொடுங்கள் என்று எழுதியிருந்தாய். அவள் படித்து முடித்தபோது நான் அழுதேன். வெங்காயம் என்று சொல்லிவிட்டேன்.

தம்பி, எனக்கு அப்போதே தெரியும். பதிவு பெற்ற பள்ளி மட்டும்தான் கணக்கில் வரும், கோயில் மண்டபம் வராது என்று, நான் தலைவர் வீட்டுக்குப் போவதற்கு ஒரு வாரத்துக்கு முன்பே நீ எனக்குப் போனில் சொல்லியிருந்தாய். ரந்தாவ் பசாரில் மீன்கடைக்கு முன்னால் நின்று கேட்டேன், அந்தச் சத்தத்தில் எனக்குப் புரிந்திருக்காது என்று நீ நினைத்திருப்பாய், ஆனால் நீ சொன்னது பளிச்சென்று புரிந்தது. தலைவர்கூடப் பேனாவை எடுத்துவிட்டு ஒரு நிமிஷம் தயங்கினார். "ஏம்மா, மண்டபத்தப் போயி பள்ளிக்கூடம்னு போட்டா பின்னால பிரச்சன வராதா?" என்று கேட்டார். நான்தான் சொன்னேன், "போடுங்க தலைவரே. அவ்ளோ தூரத்துலேர்ந்து யாரு வந்து பாக்கப் போறா." அவர் மேல் குற்றமில்லை. அந்த ஆங்கிலேயப் பையனுக்குக் கிடைப்பது உனக்கும் கிடைக்கட்டும் என்றுதான் செய்தேன், ஆனால் செய்வது என்ன என்று தெரிந்தே செய்தேன். உன்னைப் பற்றி ஒரு நாள்கூடக் கூட்டிச் சொல்லாதவன் நீ. உன் விளக்கத்தில் உண்மையில்லாத வரி ஒன்றே ஒன்றுதான், அது என்னைப் பற்றியது. அதை நம்பி எழுதினாய், அதற்காக இரண்டு வருஷம் கீழே நின்றாய், இன்னும் நம்பிக்கொண்டிருக்கிறாய். அந்த நம்பிக்கையை வைத்துக்கொண்டு உன்னை நான் வழியனுப்ப முடியாது. பொய் எது என்று தெரிவதற்கு ஆறு வருஷப் படிப்பு தாராளமாகப் போதும். எனக்குத் தெரிந்திருந்தது. தெரிந்துதான் அனுப்பினேன்.